கிருமிக்கு நிறம் உண்டா?

கேள்வி: மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். அறிவியல் செயல்திட்டத்துக்காகக் கொரோனா கிருமியை வரைந்து, முள்ளுக்கெல்லாம் ஆசையாகச் சிவப்பு தீட்டிக்கொண்டு போனாள். ஆசிரியர், "கிருமிக்கு நிறமே கிடையாது" என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும், "அப்போ விண்வெளிப் படங்களும் பொய்தானாம்மா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: ஆசிரியர் சொன்னது சரிதான், அம்மா. ஆனால் உங்கள் மகள் கேட்டிருப்பது அதைவிடப் பெரிய கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. கொரோனா கிருமியின் அளவோ சுமார் 100 நானோமீட்டர்தான். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் தண்ணீருக்குள் ஒரு குச்சியை ஊன்றிப் பாருங்கள், அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும், அதுவே பெரிய பாறை என்றால் மோதித் திரும்பும். ஒளிக்கும் கிருமிக்கும் நடப்பது அந்தக் குச்சிக் கதைதான், பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கிருமியின் உருவம் கிடைக்காது. அதனால்தான் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சுகிறார்கள். 1931-இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் செய்து காட்டிய வழி இது, ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்து சேர 1986 ஆகிவிட்டது. எத்தனை எலக்ட்ரான் எங்கே வந்து விழுந்தது என்ற கணக்கு மட்டும்தான் கருவிக்குக் கிடைக்கும், எனவே படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். நிறமெல்லாம் பிறகு கணினியில் மனிதர் சேர்ப்பது.

உங்கள் மகள் பார்த்து வரைந்த அந்தச் சாம்பல் உருண்டை, சிவப்பு முள் படம் புகைப்படமே அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அலிசா எக்கர்ட், டேன் ஹிக்கின்ஸ் என்ற இரண்டு மருத்துவ ஓவியர்கள் 2020 தொடக்கத்தில் உருவாக்கியது. முள்ளின் வடிவம் ஆய்வுத் தரவுகளிலிருந்து வந்தது, சிவப்பு அவர்கள் தேர்ந்தெடுத்தது.

சரி, விண்வெளிக்கு வருவோம். ஹபிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த, தூண்கள் போல நிற்கும் வாயு மேகங்களின் படம் பார்த்திருப்பீர்கள். அங்கே ஹைட்ரஜன் விடும் ஒளி 656 நானோமீட்டர், கந்தகம் விடுவது சுமார் 673. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்புதான், எது எங்கே இருக்கிறது என்று பிரித்தே சொல்ல முடியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள், உடனே மேகத்துக்குள் எந்த வாயு எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிட்டது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உண்மை நிறத்தில் விட்டிருந்தால்தான் நமக்கு விஷயம் மறைந்திருக்கும்! ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்ப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அதிலும் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் கொடுக்கிறார்கள். நம் வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் மேலே போன சந்திரா தொலைநோக்கி பார்ப்பதோ எக்ஸ்ரே கதிர், அதற்கு நம் கண்ணில் நிறமே கிடையாது.

2003-இல் சார்ஸ் வந்தபோது சாங்கி விமான நிலையத்தில் வெப்பக் கேமரா வைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். நடந்துவருபவரின் முகம் திரையில் வேறு வேறு நிறங்களில் தெரியும். யாருடைய முகமும் அந்த நிறத்தில் இல்லை, ஆனாலும் காய்ச்சல் உள்ளவரை நிறுத்திப் பரிசோதிக்க அந்த நிறம்தான் உதவியது. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் விடும்போதுதான் படம் ஆளை ஏமாற்றும். மகள் அந்தப் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். மூலையில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, "சிவப்பு: முள் புரதம். நிறம் நான் கொடுத்தது" என்று எழுதி மறுபடியும் கொண்டுபோகட்டும்.

கேள்வி: கைத்தொலைபேசியில் மழை வரைபடம் ஈசூன் மேல் ஒரே சிவப்பாக இருக்கிறது, எங்கள் புளோக் கீழே இறங்கிப் பார்த்தால் ஒரு பொட்டு தண்ணீர் இல்லை. நம்பலாமா, கூடாதா?
(வாசகர், ஈசூன்)

பதில்: நம்பலாம் ஐயா, ஆனால் அது காட்டுவது உங்கள் புளோக் வாசலை அல்ல, மேலே வானத்தை. ரேடார் நுண்ணலையை அனுப்புகிறது, மழைத்துளியில் பட்டு எவ்வளவு வலுவாகத் திரும்புகிறது என்று பார்க்கிறது. அந்த எதிரொலி வலுக்க வலுக்க நிறம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறும். பெரிய துளியே வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில்தான் விழும், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர இரண்டு நிமிடம் ஆகிவிடும், அதற்குள் காற்று அடுத்த பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். சிறு துளியாக இருந்தால் வழியிலேயே ஆவியாகியும் போகும். ஒரே படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், கடைசி அரை மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள், மழை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். அதிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து நீளக் கோடாகச் சிவப்பு வந்தால் மட்டும் துணியை உடனே உள்ளே எடுத்துவிடுங்கள்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகும் அளவுகோல் இருந்தால் அவர்களுக்கும் புரியும்.

கேள்வி: வீட்டிலேயே நுண்ணுயிர்களைப் படம் எடுக்க முடியுமா?
(உயர்நிலை 1 மாணவர், உட்லண்ட்ஸ்)

பதில்: தாராளமாக எடுக்கலாம். காய்ந்த புல்லைக் குளத்துத் தண்ணீரில் நாலைந்து நாள் ஊறவிடுங்கள். அப்புறம் ஒரு சொட்டு எடுத்து 100 மடங்கு பெரிதாக்கும் சாதாரண நுண்ணோக்கியில் வைத்து, கண் வைக்கும் இடத்தில் தொலைபேசிக் கேமராவை ஆடாமல் பிடித்தால் போதும், பாரமீசியம் நீந்துவதைக் காணொளியாகவே எடுத்துவிடலாம். ஊறும் ஜாடியை மட்டும் மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி வையுங்கள், திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும்.