பெங்களூரில் இடம் வாங்கும்போது குண்டா, சென்ட், கிரவுண்டு, சதுர மீட்டர் இவற்றை எப்படி மாற்றிக் கணக்கிடுவது?

புரோக்கர் குண்டாவில் சொல்கிறார், ஊரில் அப்பா சென்ட்டில் கேட்கிறார், சென்னையில் இருக்கும் மாமா கிரவுண்டில் கணக்குப் போடுகிறார், எதை எதால் பெருக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் முதலில் சதுர அடிக்குக் கொண்டு வந்துவிடுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட், 435.6. நாற்பதாகப் பிரித்தால் ஒரு குண்டா, 1,089. கிரவுண்டு 2,400. ஆக, ஒரு குண்டா என்பது சரியாக இரண்டரை சென்ட். பழைய சர்வே சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் பாதி 33. முப்பத்து மூன்றுக்கு முப்பத்து மூன்று என்று மனதில் வைத்துக்கொண்டால் குண்டா மறக்காது. நீங்கள் பார்க்கும் முப்பதுக்கு நாற்பது சைட் 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு.

பெருக்கல் எல்லாம் போனே செய்துவிடும். காகிதத்தில் எழுதியிருப்பதைச் சரியாகப் படிப்பதில்தான் நான் உங்களை எச்சரிக்க வேண்டும். கர்நாடகத்துப் பஹணியில், அதாவது அங்குள்ள நில உரிமைப் பதிவேட்டில், பரப்பை ஏக்கர், குண்டா, ஆணா (குண்டாவில் பதினாறில் ஒரு பங்கு) என்ற வரிசையில் எழுதுவார்கள். 2-15 என்று இருந்தால் 2 ஏக்கர் 15 குண்டா. அதை 2.15 ஏக்கர் என்று படித்தால் 215 சென்ட் வரும். உண்மையில் அது 237.5 சென்ட். கூட்டும்போதும் இதே கவனம் வேண்டும்: 1-25, 1-30 இரண்டையும் சேர்த்தால் 2-55 அல்ல, 3-15. நாற்பது குண்டா ஆனதும் ஏக்கர் ஒன்று கூடிவிடும். எக்செல்லில் புள்ளி வைத்து ஏற்றிக் கூட்டினால் பிழை கண்ணுக்கே தெரியாது. பஹணியிலேயே கராப் என்று, சாகுபடிக்கு உதவாத நிலம் ஒரு பகுதி தனியாக இருக்கும்; அதைக் கழித்த மீதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஓசூர்ப் பக்கமும் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். எல்லைக்கு இந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் குண்டா விலை, அந்தப் பக்கம் ஓசூரில் சென்ட் விலை. குண்டா 18 லட்சம், சென்ட் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டதும் ஓசூர்தான் மலிவு என்று தோன்றும். 18ஐ 2.5ஆல் வகுத்தால் அத்திப்பள்ளியில் சென்ட் 7.2 லட்சம்தான். தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி, 2.47 சென்ட். குண்டாவுக்குக் கிட்டத்தட்ட சமம்தான், ஆனால் சமம் அல்ல: 40 ஏர் என்பது 98.8 சென்ட், ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் குறையும்.

சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 10.764ஆல் பெருக்குங்கள். மீட்டரை அடியாக்கும் 3.28 நீளத்துக்கு மட்டும்.

அப்புறம், கோணலான சைட். பெங்களூர்ப் பத்திரங்களில் கிழக்கு மேற்கு (30+32)/2 என்று எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் போட்டு, இரண்டு சராசரிகளையும் பெருக்கிவிடுவார்கள். மூலைகள் செங்கோணமாக இல்லாவிட்டால் இந்த முறையில் வரும் பரப்பு எப்போதும் உண்மையான பரப்பைவிட அதிகமாகத்தான் இருக்கும். நாலு பக்கமும் சரியாக 30, 40 என்று டேப்பில் வந்தாலும் போதாது. மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள்; 50 அடி வர வேண்டும். 45 வந்தால் அந்த மனை 1,176 சதுர அடிதான். சதுர அடி பத்தாயிரம் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் இல்லாத நிலத்துக்குப் போகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, விற்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துப் பரப்பைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.