மருத்துவர் பதில்: பூச்சிக்கு வேப்பெண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. இரவில் ஆசனவாய் அரித்துத் தூங்காமல் அழுகிறான். வேப்பெண்ணெய் ஒரு கரண்டி கொடுக்கச் சொல்கிறார் மாமியார். வேப்பிலைச் சாறு புழுவைக் கொல்வது ஆய்வுக்கூடத்திலேயே நிரூபணமாகிவிட்டதாக வாட்ஸ்அப்பிலும் வந்தது. கொடுக்கலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அம்மா. வேப்பெண்ணெய் குடித்த குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று வந்ததை நம் மலேசிய மருத்துவர்களே 1981இல் ‘லான்செட்’ இதழில் எழுதியிருக்கிறார்கள். கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படும். மாமியார் அதை விளக்குக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஆய்வுக்கூடச் சோதனை பொய்யில்லை. ஆனால் பல சோதனைகளில் தட்டில் கிடப்பது குடற்புழுவே அல்ல, செம்பனைக் காட்டில் மழைக்குப் பின் நெளிகிறதே, அந்த மண்புழு! இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த சாற்றை மில்லிலிட்டருக்கு 10 முதல் 100 மில்லிகிராம் வரை கலந்து ஊற்றுவார்கள். புழு எப்போது அசைவற்றுப் போகிறது, எப்போது சாகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறிப்பார்கள். பக்கத்துத் தட்டில் ஒப்பிட அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து. மண்புழு தோலால் மூச்சுவிடுவது. உப்பைத் தூவினாலே துடித்துச் செத்துவிடும். உப்பைப் பூச்சி மருந்து என்போமா? விழுங்கிய சாற்றில் குடல்வரை எவ்வளவு போய்ச் சேரும், பிள்ளையின் ஈரல் தாங்குமா என்பதையெல்லாம் அந்தத் தட்டு சொல்லாது. பூச்சிக்குப் பேர்போன மூலிகை ஆடுதீண்டாப்பாளையையே பாருங்கள்: அதில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும்.

மூலிகை என்றாலே எனக்கு இளக்காரம் என்று நினைக்காதீர்கள். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் செடியில் பிறந்ததுதான். அதற்காகத்தான் சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு. அவர் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தாமே விழுங்கிப் பார்த்து, அதன் பிறகே நோயாளியிடம் போனார்.

உங்கள் மகனுக்கு அநேகமாகக் கீரிப்பூச்சி. அவன் தூங்கி 2, 3 மணி நேரம் கழித்து ஆசனவாயில் டார்ச் அடித்துப் பாருங்கள்; வெள்ளை நூல் துணுக்குபோல் நெளியும். கிளினிக்கில் காட்டினால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை கொடுப்பார்கள், 2 வாரம் கழித்து இன்னொரு முறை. முட்டைகள் முதல் மாத்திரைக்குத் தப்பிவிடும். வீட்டில் எல்லாரும் அதே நாளில் சாப்பிட வேண்டும், மாமியார் உட்பட. கர்ப்பிணிகளும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. மகனின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். எழுந்ததும் குளிப்பாட்டுங்கள். படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து, வெந்நீரில் துவையுங்கள். உதறினால் முட்டை வீடெங்கும் பறக்கும்.