வாசகர் கேள்வி–பதில்: ஆறுகளின் பெயரும் தேவியரின் பெயரும்

வடமொழி, பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் முதலியன அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் பொதுச் சொற்கள் பற்றியும், அம்மொழிகளைப் பேசியோர் வணங்கிய நீர்த்தெய்வங்கள் பற்றியும் வந்த கடிதங்களிலிருந்து, ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் ஐந்து கேள்விகளுக்கு இவ்விதழில் விடை தருகிறோம்.

கேள்வி: டான்யூப், டான், டினீப்பர் ஆகிய ஆறுகளின் பெயர்களும், அயர்லாந்தின் தாய்த்தெய்வமான தனுவும், தானவர்களைப் பெற்ற நம் புராணத் தனுவும் ஒன்றே என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நம்பலாமா?

பதில்: ஆறுகளைப் பொறுத்தவரை நம்பலாம், தேவியரைப் பொறுத்தவரை பாதி வழிதான் போக முடியும். ஈரானியக் கிளையின் பழைய மொழியான அவெஸ்தாவில் தானு என்றால் ஆறு. கருங்கடலின் வடகரையில் வாழ்ந்த சித்தியர், சர்மாத்தியர், ஆலானியர் ஆகியோரின் பேச்சுக்கு இன்று எஞ்சியிருக்கும் வாரிசு, காக்கசஸ் மலைப்பகுதியில் வழங்கும் ஒசேத்திய மொழி. அதில் தண்ணீருக்கும் ஆற்றுக்கும் ஒரே சொல், தோன். நாம் ஆங்கில வழியில் டான் என்று எழுதும் ஆற்றின் பெயர் அதுவே. தானு எப்படித் தோன் ஆகும் என்று கேட்டால், அதற்கும் விடை உண்டு. ஒசேத்தியத்தில் மூக்கொலிக்கு முன் வரும் பழைய ஆகாரம் ஓகாரமாகிவிடும். பெயரைக் குறிக்கும் ‘நாம’ அங்கே ‘நோம்’ ஆனதைப் போலவே ‘தானு’ ‘தோன்’ ஆயிற்று. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால், இரண்டு சொற்கள் காதுக்கு ஒத்திருப்பதை ஒரு சான்றாகவே கொள்ளக் கூடாது. டினீப்பரும் டினீஸ்டரும் பண்டைய ஏடுகளில் தனாப்ரிஸ், தனாஸ்த்ரிஸ் என்று வருகின்றன. அவற்றின் முற்பாதியும் இதே தானுதான். டான்யூபின் பழைய பெயரான தானுவியஸ், ஐரிஷ் மொழி சேர்ந்த கிளையைப் பேசிய கெல்டியரின் வாயிலிருந்து ரோமானியருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. (இந்த வரிசையில் ஜோர்டானையும் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்காதீர்கள். அது ‘இறங்கு’ என்று பொருள்படும் செமிட்டிய (எபிரேயம், அரபு முதலியன சேர்ந்த குடும்பம்) வேரிலிருந்து வந்த பெயர்.)

இனி தேவியர். நம் புராணத் தனுவின் பெயர் ரிக் வேதத்தில் தானு, நெடிலோடு. முதல் மண்டலத்தின் 32ஆம் பாடலில் இந்திரன் வச்சிராயுதத்தால் விருத்திரனைக் கொல்கிறான், அவன் அடைத்து வைத்திருந்த நீர் விடுபடுகிறது. அப்போது அப்பாடல் காட்டும் காட்சியைப் படித்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்: மேலே தாய், கீழே மகன், கன்றோடு கிடக்கும் பசுவைப்போல் தானு கிடந்தாள். இவள் நீரைக் காக்கும் தேவியல்லள். நீரை மறித்தவனின் தாய். அதே நூலில் பொதுச்சொல்லாக வரும் தானுவுக்குத் துளி, பனி, நீர்மம் என்று பொருள் கொள்ளப்படுவதால், அவள் பெயரில் ஈரம் இருப்பது உண்மைதான்.

அயர்லாந்தின் நிலையோ வேறு. இடைக்கால ஏடுகளில் ‘தூஹா தே தனன்’, அதாவது ‘தனுவின் தெய்வக் குலம்’ என்று கொள்ளப்படும் தொடர் வருகிறதே தவிர, தனு என்ற எழுவாய் வடிவம் அவற்றில் இல்லை. ‘தனன்’ என்ற வேற்றுமை வடிவத்திலிருந்து பிற்கால அறிஞர்கள் மீட்டெடுத்தது அது. அவளை நீரோடு சேர்த்துச் சொல்லும் தனிக்கதை எதுவும் எஞ்சவில்லை. ஒரு நாட்டில் அசுரனின் தாய், இன்னொரு நாட்டில் தெய்வங்களின் தாய், இடையில் நான்கைந்து ஆறுகள். இவர்களுக்குப் பொதுவாக ஒரு சொல் இருந்தது என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு தேவி இருந்தாள் என்று சொல்லத் துணிய மாட்டேன்.

கேள்வி: சரஸ்வதிக்கு ஈரானில் ஒரு சகோதரி உண்டாமே?

பதில்: பெயரில் உடன்பிறப்பு ஐயமில்லாமல் உண்டு. வடமொழியின் ஸகரம் ஈரானியத்தில் ஹகரமாகும் என்பது இத்துறையில் முதல் பாடம்: சப்த–ஹப்த, சோம–ஹோம, சிந்து–ஹிந்து. ‘ஸ்வ’ என்ற கூட்டொலி அவெஸ்தாவில் ‘க்ஹ்வ’ என்று கனக்கும். ஸ்வப்னம் பாரசீகத்தில் க்வாப் ஆனது அதனால்தான். இந்த விதிகளைச் சரஸ்வதியின்மேல் பொருத்தினால் கிடைக்க வேண்டிய வடிவம் எதுவோ அதுவே அவெஸ்தாவில் இருக்கிறது: ஹரக்ஹ்வைதி. பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியசின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் அது ஹரவுவதி என்ற மாகாணம். கிரேக்கர் அதை அரகோசியா என்றனர். இன்றைய ஆப்கானிஸ்தானின் தெற்கே, அர்கந்தாப் ஆறு பாயும் காந்தகார்ப் பகுதி. சரஸ் என்பது குளம், ஏரி. கிரேக்கத்தில் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘ஹெலோஸ்’ அதன் உறவுச்சொல். எனவே சரஸ்வதி என்றால் ‘நீர்நிலைகள் நிறைந்தவள்’. இது அடைமொழியாகத் தொடங்கிய பெயர் என்பதால், குளங்களோடு ஓடும் எந்த ஆற்றுக்கும் பொருந்தும். யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்ற சண்டைக்கு இதை ஆயுதமாக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருந்தால் உறவு தெரியும், திசை தெரியாது.

ஆனால் ஈரானியர் வணங்கிய பெரும் நீர்த்தேவியின் பெயர் இதுவன்று. அவெஸ்தா மொழியில் அமைந்து அதே பெயர் பெற்ற ஜொராஸ்திரிய மறைநூலின் ஐந்தாம் யஷ்து (துதிப்பாடல்) அவளை ‘அரேத்வீ சூரா அனாஹிதா’ என்று அழைக்கிறது. சூரா என்பது நம் சூரன் என்ற சொல்லின் பெண்பால், வலியவள்; அனாஹிதா, மாசற்றவள்; முதற்சொல்லை ஈரமானவள் என்று கொள்வது வழக்கம். மூன்றுமே அடைமொழிகள் என்பதால், அவற்றுக்குப் பின்னால் மறைந்துபோன இயற்பெயர், சரஸ்வதியின் ஈரானிய வடிவமான ஹரஹ்வதியாக இருக்கலாம் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் லோமல் 1954இல் ஊகித்தார். அழகான ஊகம், ஆனால் ஊகம்.

அந்தப் பாடலில் தேவியின் பெயரைவிட அவள் ஆடை என்னை அதிகம் ஈர்க்கிறது. முந்நூறு பீவர்களின் தோலால் ஆன மேலாடை அது, உரிய காலத்தில் பதப்படுத்தினால் வெள்ளியும் பொன்னுமாக ஒளிரும் என்கிறது பாடல். பீவர் என்பது மரத்தைக் கொறித்து வீழ்த்தி ஆற்றில் அணை கட்டும் உரோம விலங்கு. ஆறுகளின் தேவிக்குப் பொருத்தமான உடைதான். அதன் அவெஸ்தாப் பெயர் பவ்ரி. லித்துவேனியத்தில் பெப்ராஸ், ஜெர்மனில் பீபர், லத்தீனில் ஃபீபர், எல்லாம் ஒரே சொல். இந்தியாவில் பீவர் இல்லை. எனவே விலங்கை இழந்த சொல் வடமொழியில் ‘பப்ரு’ என்று நிறத்தை மட்டும் பற்றிக்கொண்டது, பழுப்பு. கீரிக்கும் அப்பெயர் ஏற்பட்டது. அருச்சுனனின் மகன் பப்ருவாகனன் பெயரின் முற்பாதியில் இருப்பதும் இந்தப் பழுப்புதான்.

கேள்வி: அயர்லாந்தின் போயின் ஆற்றுக்குப் பழைய பெயர் ‘போவிந்தா’. இது கோவிந்தன் அல்லவா?

பதில்: இல்லை. என்றாலும் கேள்வி வீண் போகவில்லை, ஏனெனில் முற்பாதி உண்மையிலேயே ஒன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி குறித்த புவிந்தா என்ற பெயரில் உள்ள ‘போ’, வடமொழியின் ‘கோ’, இரண்டும் பசு. ஆங்கிலத்தின் ‘கௌ’வும் அதே சொல். பிற்பாதியில் வழி பிரிகிறது. கெல்டிய ‘விந்த’ என்றால் வெண்மை, ஒளி. வியன்னாவின் பழம்பெயரான விந்தோபோனாவில் அதைக் காணலாம். கோவிந்தனில் உள்ளதோ ‘கண்டடைதல்’ என்னும் வினை, பசுக்களைக் கண்டடைபவன். வெண்மைப் பொருளுள்ள விந்தவும் ‘காண்’ என்ற அதே பழைய வேரிலிருந்து கிளைத்தது என்று கருதுவோர் உண்டு. அப்படியே ஆனாலும், ஒரே மரத்துப் பலகையில் ஒருவர் கட்டில் செய்தார், இன்னொருவர் கதவு செய்தார் என்றுதான் ஆகும்.

போயினின் கதையோ பெயரைவிடச் சுவையானது. நெக்டன் என்பவனின் கிணற்றை அவனும் அவனுடைய மூன்று பானப்பணியாளரும் தவிர வேறு யார் அணுகினாலும் கண்கள் வெடித்துவிடும். அவன் மனைவி போவன் அதை மதியாமல் மூன்று முறை இடப்புறமாகச் சுற்றினாள். மூன்று அலைகள் எழுந்து அவள் காலையும் கையையும் கண்ணையும் சிதைத்தன. அவள் கடலை நோக்கி ஓட, நீர் துரத்தியது. ஓடிய வழி போயின் ஆறு ஆயிற்று. இப்போது ஈரானுக்கு வாருங்கள். பத்தொன்பதாம் யஷ்தில் அரசப் பேரொளி வோருகஷ என்ற புராணக் கடலின் அடியில், அபாம் நபாத் என்ற தெய்வத்தின் காவலில் கிடக்கிறது. பகையரசன் ஃப்ராங்ரஸ்யன் மூன்று முறை ஆடை களைந்து நீந்திப் பிடிக்க முயல்கிறான், ஒவ்வொரு முறையும் ஒளி நழுவ, கடலிலிருந்து ஒரு புது நீர்வழி பிறக்கிறது. வேதத்திலும் அபாம் நபாத் உண்டு, எழுத்து மாறாமல். விறகின்றி நீருக்குள் எரிபவன் அவன். நபாத் என்றால் பேரன், வழித்தோன்றல். லத்தீனின் ‘நெபோஸ்’ அதுவே. நெக்டனையும் ரோமானியரின் நெப்டியூனையும் இந்த நபாத்தோடு இணைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமேசில். ஒலி நிலையில் அந்த இணைப்பை ஏற்காதவர்கள் பலர். ஆயினும் நீருக்குள் சுடும் ஒன்று, தகுதியற்றவரின் மூன்று முயற்சிகள், அதனால் பிறக்கும் ஆறு என்று மூன்றும் சேர்ந்து வருவது தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

கேள்வி: கிரேக்கர் இன்று தண்ணீரை ‘நெரோ’ என்கிறார்கள். அவர்களின் கடற்கன்னியர் நெரெயிதர். இரண்டும் தமிழின் ‘நீர்’ தானே?

பதில்: இந்தக் கடிதம் ஆண்டுக்கு நான்கு முறையாவது வருகிறது, ஆவலைப் பாராட்டிக்கொண்டே மறுக்க வேண்டியிருக்கிறது. பழைய கிரேக்கத்தில் நீருக்குச் சொல் ‘ஹுதோர்’. அப்போதுதான் மொண்டு வந்த நீரை ‘நெயரோன் ஹுதோர்’, புதுநீர், என்றார்கள். நாளடைவில் பெயர்ச்சொல் உதிர்ந்து, ‘புதிய’ என்ற அடைமொழியே நின்று, தேய்ந்து ‘நெரோ’ ஆயிற்று. அதன் உறவு வடமொழியின் ‘நவ’, ஆங்கிலத்தின் ‘நியூ’. நெரெயிதர் ஹோமரின் காவியத்திலேயே வந்துவிடுகிறார்கள்; நெரோ நீராவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. தமிழின் நீர், தெலுங்கிலும் கன்னடத்திலும் நீரு என வழங்கும் திராவிடச் சொல். வடமொழியின் ‘நீரம்’ திராவிடத்திலிருந்து சென்றது என்பதே மொழியியலாளர் பலரின் முடிவு. கொடுத்த கடனுக்கு இவ்வளவு நல்ல சான்று இருக்கும்போது கிரேக்கத்தில் போய்த் தேட வேண்டியதில்லை.

கேள்வி: நீரைக் குறிக்க வடமொழியில் ஆபஹ், உதகம் என்று இரண்டு சொற்கள் ஏன்? இவற்றில் தேவி எது?

பதில்: ஆபஹ் தான் தேவி. அது பெண்பால், எப்போதும் பன்மை. ஏழாம் மண்டலத்தின் 49ஆம் பாடல் ஒவ்வொரு செய்யுளின் இறுதியிலும் ‘அந்த நீர்த்தேவியர் என்னை இங்கே காக்கட்டும்’ என்று வேண்டுகிறது. பாரசீகத்தின் ஆப், அதனால் பஞ்சாப் என்ற ஐந்தாற்றுப் பெயர், லித்துவேனியத்தில் ஆற்றைக் குறிக்கும் ‘உப்பே’ ஆகியன இதன் சுற்றம். உதகமோ அஃறிணை. பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே இதைக் கவனித்து, இம்மொழிகளுக்கெல்லாம் தாயான மூலமொழியைப் பேசியோர் இயங்கும் உயிராக உணர்ந்த நீருக்கு ஒரு சொல்லும், வெறும் பொருளான நீருக்கு ஒரு சொல்லும் வைத்திருந்தனர் என்றார். நெருப்பிலும் அப்படியே: அக்னியும் லத்தீனின் ‘இக்னிஸ்’ஸும் ஆண்பால், கிரேக்கத்தின் ‘பூர்’ அஃறிணை.

உதகத்தின் குடும்பம்தான் பெரியது. சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் ‘உத்’ அதுவே. ஆங்கிலத்தின் ‘வாட்டர்’, ரஷ்யத்தின் ‘வதா’, கிரேக்கத்தின் ‘ஹுதோர்’ எல்லாம் அதுவே. வடமொழியில் ஒலிப்புடைய தகரம் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் டகரம் வரும். த்வி–டூ, தச–டென் என்பவற்றைப் போல. ஆங்கிலத்தில் ரகர ஈறும் ஸ்வீடிய ‘வத்தென்’னில் னகர ஈறும் இருப்பது ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. பண்டைய துருக்கியில் வழங்கி மறைந்த ஹிட்டைட் மொழி கிடைத்தபோது விடையும் கிடைத்தது: அங்கே எழுவாய் ‘வாதர்’, ஆறாம் வேற்றுமை ‘வெதெனஸ்’. ஒரே சொல் இரண்டு ஈறுகளையும் சுமந்திருந்தது, பிள்ளை மொழிகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. அம்மொழியைத் திறந்து காட்டியவர் செக் அறிஞர் பெத்ரிச் ஹ்ரோஸ்னி, 1915இல். துருக்கியின் போகாஸ்கோய் என்ற ஊரில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளில், ரொட்டியைக் குறிக்கும் பழைய சுமேரியக் குறி ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு அவர் படித்தறிந்த தொடர் இது: ‘நு நிந்தா-அன் எஸ்ஸாத்தெனி, வாதர்-மா எகுத்தெனி.’ இப்போது நீங்கள் ரொட்டி உண்பீர்கள், தண்ணீரும் குடிப்பீர்கள்.