பெருந்தொற்று வந்தால் ஏற்காட்டுப் பாதையை அடைக்கலாமா? நம் போக்குவரத்து உரிமை என்ன ஆகும்?

அடைக்கலாம். ஆனால் எந்தப் பகுதி, எத்தனை நாள், அடைபட்டவர் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்ற மூன்றும் உத்தரவிலேயே இருக்க வேண்டும். மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டினால் வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்பதற்கு நம்மூரில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. காப்பு அவிழ்க்கும் நாள் எல்லாருக்கும் தெரியும்.

நாள் கணக்கு கிருமியைப் பொறுத்தது. கொரோனா தொற்றி அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். தனிமைக்கு 14 நாள் வைத்தது அதனால்தான். அடைத்த தெருவைத் திறக்க 2020-இல் 28 நாள் புதுத் தொற்று இல்லாமல் இருக்க வேண்டும் என்றார்கள், அதாவது இரண்டு சுற்று. அடுத்து வரும் கிருமிக்கும் இதே எண்ணைப் போட்டால் தப்பு.

ஏற்காட்டுக்கு ஏற இரண்டு பாதை: 20 கொண்டை ஊசி வளைவுள்ள அடிவாரம் பாதை, இன்னொன்று குப்பனூர் வழி. அடிவாரத்தில் மட்டும் செக்போஸ்ட் போட்டால் வண்டிகள் குப்பனூரில் ஏறிவிடும். இரண்டையும் அடைத்தாலோ, பிரசவத்துக்கும் டயாலிசிஸுக்கும் சேலம் இறங்க வேண்டியவர்கள் பாஸுக்கு நிற்பார்கள். அதனால் பாதையை விட்டுவிட்டு முதலில் லாட்ஜ்களில் இராத் தங்குவதை நிறுத்துவது மேல். சுற்றுலாக் கூட்டம் அதிலேயே பெரும்பாலும் குறையும். உள்ளூர்க்காரர் நடமாட்டம் தடைபடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம் வேறு. அப்போது கூலியாட்கள் வரும் வண்டியை நிறுத்தினால் பழம் செடியிலேயே காய்ந்து உதிரும்.

கடை நேரத்தைக் குறைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு மளிகைக் கடைக்கு 600 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். 12 மணி நேரம் திறந்தால் மணிக்கு 50 பேர், 4 மணி நேரம் திறந்தால் 150 பேர். வாங்கும் தேவை குறையாது, நெரிசல்தான் மும்மடங்காகும். 2020 ஏப்ரல் 24-இல் அறிவித்து 26 முதல் 28 வரை சேலம் மாநகராட்சியில் முழு ஊரடங்கு போட்டார்கள். நடுவில் ஒரே நாள். அப்படி அறிவித்தால் ஊரே அந்த ஒரு நாளில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் செய்யும். சேலத்தின் மொத்த வியாபாரச் சந்தையான லீ பஜார் மாதிரி இடத்தில் நேரத்தை நீட்டி, மொத்த வியாபாரத்தை விடியற்காலைக்கும் சில்லறையைப் பகலுக்கும் பிரிப்பதே சரி.

எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரே அறை, பொதுக் கழிப்பறை. அங்கே வீட்டுத் தனிமை என்பது காகிதத்தில்தான். காலியாக உள்ள பள்ளிக்கூடத்தில் தனிக் கழிப்பறையோடு இடம், எதிரெதிர் ஜன்னல் திறந்த அறை, 14 நாள் கூலி, வீட்டிலிருப்போருக்கு அரிசி பருப்பு: இவ்வளவும் வேண்டும். கூலி போய்விடும் என்றால் காய்ச்சலை மறைத்து, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். கதவில் நோட்டீஸ் ஒட்டினாலும் மறைக்கத்தான் செய்வார்கள். தகுதியுள்ள அதிகாரியின் தனி உத்தரவில்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தடுப்பூசிக்கும் எல்லை உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2022 மே 2-ஆம் தேதித் தீர்ப்புப்படி யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. ஆனால் பொது நலனுக்காக, அளவுக்கு மிஞ்சாத நிபந்தனைகளை அரசு விதிக்கலாம்.

செக்போஸ்ட்டில் தடுத்தால் எந்தச் சட்டத்தில் உத்தரவு, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் (மாஸ்க் இல்லையென்றால் 200 ரூபாய் என்ற 2020 அபராதம் இதில் வந்தது), 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். தடை உத்தரவு போடும் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144, அதற்குப் பதில் வந்த புதுச் சட்டத்தில் 163) என்றால் 2 மாதம்தான் செல்லும். மாநில அரசு தனியாக அறிவித்தால் மட்டுமே மேலும் 6 மாதம் வரை நீளும்.