கடன் கவலைக்குச் சிகரெட், சிகரெட்டுக்குச் சம்பளம்

கேள்வி: நான் 22 வயது அக்னிவீர் (நாலு வருடப் பணிக்குச் சேர்ந்த ராணுவ வீரன்), இரண்டாம் ஆண்டு. கைக்கு 23,100 ரூபாய் வருகிறது. அக்கா கல்யாணக் கடனுக்குத் தவணை கட்டுகிறேன். நாலு வருடம் முடிந்தபின் என்ன செய்வது என்ற பயம் வேறு. அம்மா போனில் கடனைப் பற்றிப் பேசினாலே கை சிகரெட்டைத் தேடுகிறது. எழுந்தவுடன் ஒன்று, ஒரு நாளைக்கு எட்டு. கைனிக்கு, அதாவது வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு, மாறினால் செலவு குறையும் என்கிறார்கள். மாறலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கைனியில் சுண்ணாம்பு சேர்வதால் நிகோடின் வாயின் உள்தோல் வழியே சுலபமாக ரத்தத்தில் கலக்கும். அடிமைத்தனம் அப்படியே இருக்கும். வாய்ப்புற்று அபாயமும் சேரும்.

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் சிகரெட் அதைத் தணிக்கவில்லை. ரத்தத்தில் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது வரும் படபடப்பைக் கடன் கவலை என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த சிகரெட் அடக்குவது அந்தப் படபடப்பை மட்டும்தான். ஒன்று 20 ரூபாய் என்றாலும் மாதம் 4,800; சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

நிறுத்தும் நாளை முன்கூட்டியே குறியுங்கள். சம்பள வாரமும் இரவு சென்ட்ரி (காவல் பணி) வாரமும் வேண்டாம். முதல் 3 நாள்தான் கடுமை. எரிச்சலும் தூக்கக் குறைவும் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். எழுந்த அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மி.கி. நிகோடின் சூயிங்கம் பொருந்தும். எம்.ஐ. ரூமில் (படைப்பிரிவின் மருத்துவ அறை) ஆர்.எம்.ஓ.விடம், அதாவது பிரிவு மருத்துவரிடம், எழுதி வாங்குங்கள். பலர் இதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததும் விட்டுவிடுகிறார்கள். காரம் தெரியும்வரை மெல்லுங்கள். தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் போனால் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பும், வாயில் இருக்கும்போதும் டீ கூடாது. முதல் 6 வாரம் 1-2 மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு படிப்படியாகக் குறைத்து 12 வாரத்தில் நிறுத்துங்கள். இதற்கும் காசு ஆகும். முதல் மாதம் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்காதீர்கள்.

லங்கர் (படைச் சமையற்கூடம்) டீயைப் பாதியாக்குங்கள். புகை நின்றால் காஃபீன் உடலில் அதிக நேரம் தங்கும். கை நடுங்கினால் சிகரெட் இல்லாததால்தான் என்று தோன்றும். ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும். இருமல் சில வாரம் கூடலாம், பயப்படாதீர்கள்.

வீட்டுப் போன் முடிந்ததும் இருந்த இடத்தை விட்டு எழுந்து, பத்து நிமிடம் நடங்கள். ஆசை பெரும்பாலும் அதற்குள் தணியும். தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கியில் பேசிக் காலத்தை நீட்டக் கேளுங்கள். போன் செயலிகளில் கடன் வாங்காதீர்கள். அக்னிவீரர்களுக்கான மொத்தத் தொகையான சேவா நிதி நாலு ஆண்டு முடிவில்தான் கிடைக்கும். அதை நம்பி இன்று புதுக் கடன் வேண்டாம்.

புகை விட உதவிக்கு 1800-11-2356 இலவச எண். தூக்கம் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அன்றே ஆர்.எம்.ஓ.விடம் சொல்லுங்கள், அல்லது மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.