ஏழு இன்னிங்ஸ் போட்டவருக்கு ஏன் வெற்றி இல்லை?

சார், வணக்கம்.

கிரிக்கெட் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். அமெரிக்கா வந்து ஆறு வருடமாகிறது. போன மாதம் பத்து வயது மகனோடு பேஸ்பால் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். அவன் அட்டையில் பென்சிலால் ஸ்கோர் குறித்துக்கொண்டே பார்க்கிறவன். எங்கள் ஊர் அணியின் முதல் பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், ஒன்பது இன்னிங்ஸில் ஏழைப் போட்டு ஒரே ஒரு ரன் கொடுத்தார், 2-1 என்று முன்னிலை. எட்டாவதுக்கு வந்தவர் இரண்டு ரன் கொடுத்துக் கோட்டை விட்டார். நல்ல வேளை, அதே இன்னிங்ஸில் நம் ஆட்கள் இரண்டு ரன் எடுத்தார்கள், ஒன்பதாவதை வேறொருவர் வந்து முடித்தார், 4-3. வெற்றி யார் பேரில் என்று பார்த்தால், கோட்டை விட்டவர் பேரில்! முதல் பிட்சர் பேருக்குப் பக்கத்தில் போட்டிருந்த குறியை மகன் ரப்பரால் அழித்துவிட்டு "ஏம்ப்பா?" என்று கேட்டான். இது என்ன நியாயம் சார்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நியாயம் இல்லைதான், ஆனால் விதிப்படி சரி. பேஸ்பாலில் அணியின் ஒவ்வொரு வெற்றியையும் ஒரு பிட்சர் பேரில் எழுதுவார்கள். ஒரு அணி முன்னிலை பெற்று அதைக் கடைசிவரை விடாமல் வைத்துக்கொள்கிறது அல்லவா, அந்த முன்னிலை வந்த நேரத்தில் யார் பிட்சரோ அவர் கணக்கில்தான் வெற்றி சேரும். எட்டாவதில் ஸ்கோர் சமமானபோதே முதல் பிட்சரின் கணக்கு மூடப்பட்டுவிட்டது, அவருக்கு வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. அப்புறம் உங்கள் ஆட்கள் அடித்து முன்னிலை பெற்றபோது, ரன் கொடுத்தவர் ஓய்வாக உட்கார்ந்திருந்தாலும் அவர்தான் கணக்குப்படி பிட்சர். இப்படிக் கிடைக்கும் வெற்றியைப் பிணந்தின்னிக் கழுகின் வெற்றி என்று அமெரிக்கர்களே கிண்டல் செய்வார்கள்.

இதைத் தடுக்க விதியில் ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். இடையில் வந்தவர் கொஞ்ச நேரமே போட்டு அதையும் மோசமாகப் போட்டிருந்தால், ஸ்கோரர் வெற்றியை அவருக்குத் தராமல் அடுத்து வந்தவருக்குத் தரலாம். ஒரு இன்னிங்ஸுக்குக் குறைவாகப் போட்டு இரண்டு ரன் அல்லது அதற்கு மேல் கொடுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்கள் ஆள் முழு இன்னிங்ஸையும் போட்டு முடித்துவிட்டார், தப்பித்தார். கவனியுங்கள், இதைத் தீர்மானிக்கிறவர் அம்பயர் இல்லை, பத்திரிகைக்காரர்கள் உட்காரும் மாடத்தில் இருக்கும் ஒரு மனிதர்.

அந்தக் காலத்துப் பிட்சர் சை யங்கின் 511 வெற்றிகளை நினைத்துப் பாருங்கள். 815 ஆட்டங்களைத் தொடங்கி 749-ஐத் தானே முடித்துவைத்தவர் அவர். ஒரே ஆள் ஆட்டம் முழுக்கப் போட்ட காலத்தில் வெற்றி தோல்வியை அவர் பேரில் எழுதியதில் பெரிய தப்பு இல்லை. இன்று ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து பேர் போடுகிறார்கள், பேரேடு மட்டும் அன்றையது. 2018-இல் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் சராசரி 1.70 வைத்திருந்தார். அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூட இல்லை. அவர் கணக்கில் 10 வெற்றி, 9 தோல்வி! நல்ல வேளை, அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவருக்கே கொடுத்தார்கள்.

ஒரு பந்துகூடப் போடாமல் ஜெயித்தவரும் உண்டு. 2009 ஜூலை 7, கொலராடோ ராக்கீஸ், வாஷிங்டன் நேஷனல்ஸ், ஸ்கோர் 4-4. எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனபின் ராக்கீஸின் ஆலன் எம்ப்ரி வருகிறார், முதல் பேஸில் (ஓடிப்போய் நிற்கும் இடம்) நேஷனல்ஸின் ஆஸ்டின் கெர்ன்ஸ் நிற்கிறார். எம்ப்ரி பேட்டருக்குப் போடாமல் முதல் பேஸுக்கு எறிந்தார், கெர்ன்ஸ் நடுவில் மாட்டி மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. ராக்கீஸ் ஒரு ரன் எடுத்து 5-4 என்று ஜெயிக்க, வெற்றி எம்ப்ரிக்கு. 2003-இல் பால்டிமோரின் பி.ஜே. ரயனுக்கும் இதே அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது.

முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடிக்கும் பிட்சர் பேரில் எழுதும் சேவ் கதை இன்னும் கூத்து. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் யோசித்தது, 1969-இல் அதிகாரபூர்வமானது. நெருக்கடியில் வந்து ஜெயிக்க வைத்தவருக்கு மரியாதை என்பதுதான் எண்ணம். உங்கள் ஒன்பதாவது இன்னிங்ஸ்காரருக்கு அது நியாயமாகவே கிடைத்திருக்கும். ஆனால் கடைசி மூன்று இன்னிங்ஸை முழுசாகப் போட்டால் முன்னிலை எவ்வளவு இருந்தாலும் சேவ் என்று ஒரு வரி உண்டு. 2007-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பால்டிமோரை 30-3 என்று அடித்துத் துவைத்த ஆட்டத்தில் ரேஞ்சர்ஸின் வெஸ் லிட்டில்டனுக்கு சேவ் எழுதினார்கள். அவர் வந்தபோதே 14-3. எதிலிருந்து எதைக் காப்பாற்றினாரோ!

உங்கள் மகன் அட்டை எழுதுகிறவன் என்பதால் இன்னொன்று. ஃபீல்டர் செய்த தப்பால் வரும் ரன் பிட்சரின் சராசரியில் சேராது. நம் பை, லெக் பை மாதிரி. சரி, தப்பு செய்தது பிட்சரே என்றால்? அப்போதும் சேராது! இரண்டு அவுட் ஆனபின் தன்னிடம் உருண்டு வந்த லட்டு மாதிரிப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு மேலே எங்கோ வீசுகிறார் என்று வையுங்கள். அடுத்த மூன்று பேர் அவரை வரிசையாக ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தாலும் அந்த நாலு ரன்னில் ஒன்றும் அவர் சராசரியைத் தொடாது, இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்பது வாதம். ஆனால் நடுவில் வேறு பிட்சர் வந்துவிட்டால் அவருக்கு இந்தச் சலுகை இல்லை, அவர் பங்குக்கு விட்டது அவர் தலையில்தான். ஆனால் அணியின் சராசரிக் கணக்கில் அது சேராது. பிட்சர்களின் சராசரியில் சேரும் ரன்களைத் தனித்தனியாகக் கூட்டினால் அணியின் மொத்தத்தோடு ஒத்துவராமல் போவது இதனால்தான். உங்கள் மகனின் அட்டையில் என்றைக்காவது கூட்டல் இடித்தால் உடனே ரப்பரை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எனக்கு மனசு ஆறாதது ஹார்வி ஹாடிக்ஸ் விஷயம். 1959 மே 26, மில்வாக்கி மைதானம், பிட்ஸ்பர்க் அணிக்காகப் போட்டார். வரிசையாக 36 பேர் அவுட், பன்னிரண்டு இன்னிங்ஸ், ஒருவர்கூட பேஸுக்குப் போகவில்லை. ஆனால் அவர் அணியும் ரன் எடுக்கவில்லை. பதின்மூன்றாவதில் மூன்றாம் பேஸ் ஃபீல்டரின் தப்பால் ஒருவர் போனார், பந்தை மெல்லத் தட்டி அவரை அடுத்த பேஸுக்கு நகர்த்தினார்கள், ஹாங்க் ஆரோனுக்கு வேண்டுமென்றே வாக் (அடிக்காமலே முதல் பேஸ்) கொடுத்தார்கள், ஜோ அட்காக் வேலிக்கு வெளியே அடித்துவிட்டார். ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஆரோன் பாதியில் விலகிப்போக, அட்காக் அவரைத் தாண்டி ஓடியதால் ஹோம் ரன்னும் இரண்டு பேஸ் அடியாகச் சுருங்கி ஸ்கோர் 1-0 ஆயிற்று. 1991-இல் ஒரு குழு உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை ஹிட்டே (அடித்து பேஸுக்குப் போவது) தராமல் இருந்தால்தான் நோ-ஹிட்டர் என்று வரையறுத்தது. பட்டியலிலிருந்து ஹாடிக்ஸ் பேரை எடுத்துவிட்டார்கள். அன்று எதிர்ப்பக்கம் பதின்மூன்று இன்னிங்ஸும் போட்டவர் லூ பர்டெட், அவர் கொடுத்த ஹிட் 12. ஹாடிக்ஸ் கொடுத்தது 1. வெற்றி பர்டெட் பேரில்.