தாம்பரத்தில் கிடைக்காத வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு குடும்பம் நகரத்தில் எங்கே குடியிருக்கும் என்பதை வாடகையும் பயண நேரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வேலை சோழிங்கநல்லூரில், மனைவிக்குப் பாரிமுனையில். கிழக்குத் தாம்பரத்தில் எங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையிலேயே வீடுகள் பார்த்தோம். "நான்வெஜ் சமைப்பீங்களா?", "நீங்க என்ன ஆளுங்க?" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறோம். இது உங்கள் கணக்கில் எங்கே வரும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

1964இல் நகர்ப்புறப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ வகுத்த மாதிரியில் நகரத்துக்கு ஒரே மையம், வேலையெல்லாம் அங்கேதான். தள்ளிப் போகப் போக வாடகை குறையும், பயணச் செலவு ஏறும். உங்கள் வீட்டில் இரண்டு வேலை, இரண்டு திசை. சரி, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால் கணக்கு தாம்பரத்தைத்தான் காட்டும்: உங்கள் மனைவிக்கு நேராக பீச் வரை மின்சார ரயில், உங்களுக்கு ஒரே பஸ்.

பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன் 1970களில் சான் பிரான்சிஸ்கோவின் பார்ட் ரயிலில் எவ்வளவு பேர் வேலைக்குப் போவார்கள் என்று கணித்தார். அதிகாரபூர்வக் கணிப்பு 15 சதவீதம், அவருடையது 6.3, நடந்தது 6.2. முன்னால் இருக்கும் வாய்ப்புகளின் பட்டியலிலிருந்து ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று பார்க்கும் அந்த வகைக் கணக்கையே 1978இல் வீட்டுத் தேர்வுக்கும் கொண்டுவந்தார். ஆனால் டிக்கெட் எடுத்தவரிடம் ரயில் சாதி கேட்பதில்லை. வீட்டு ஓனர் கேட்கிறார். உங்களுக்குத் தரமாட்டேன் என்ற வீட்டையும் பட்டியலில் வைத்துக் கணக்குப் போட்டால், நீங்களே தாம்பரத்தை வேண்டாம் என்று ஒதுக்கியதாகப் பதிவாகும். தூரத்தைப் பொருட்படுத்தாதவர் என்று ஆகிவிடுவீர்கள். முஸ்லிம்கள், தலித்துகள், தனியாக வாழும் பெண்கள் எல்லாருக்கும் இதே கதைதான்.

கண்ணகி நகர் இதைவிடக் கொடுமை. 2000 முதல் நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள் எந்த வீட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய வேலைக்கே திரும்பி வரும் அவர்களுடைய பஸ் பயணத்தை 'விருப்பம்' என்று எண்ணுவது அநியாயம்.

எங்கே குடியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கும் சர்வே போதாது. எங்கெல்லாம் கேட்டீர்கள், ஏன் மறுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். புரோக்கர்களைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும், எந்தத் தெருவில் யாருக்கு வீடு கிடைக்காது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

தாம்பரத்தில் சொன்ன வாடகை, இப்போது கொடுப்பது, இருவருக்கும் கூடுதலாக ஆகும் நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அந்த மறுப்புக்காக உங்கள் குடும்பம் மாதாமாதம் எவ்வளவு இழக்கிறது என்று போட்டுப் பார்த்துவிடலாம்.